கட்டுப்படி ஆகாதது யாருக்கு?

கேள்வி: குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்தச் சொல்லி மாநில அரசை ஏன் நெருக்குகிறீர்கள்? நாடு முழுவதற்கும் சேர்த்து மத்திய அரசு செய்யவேண்டிய வேலை அல்லவா இது? தமிழ்நாடு மட்டும் உயர்த்தினால் தொழில் பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடும். தி.நகரில் சிறிய துணிக்கடை வைத்திருக்கும் எனக்கு இப்போதே கட்டுப்படி ஆகவில்லை. (வாசகர் ஒருவர், குரோம்பேட்டை)

பதில்: டெல்லியை நம்பிக் காத்திருந்தால் என்ன கிடைக்கும் என்பதை ஏற்கெனவே பார்த்துவிட்டோம். நாடு முழுவதற்குமான அடிமட்டக் கூலி என்று மத்திய அரசு 2017இல் சொன்ன தொகை நாளுக்கு 176 ரூபாய். 2019 ஜூலையில் அதை 178 ஆக்கினார்கள். இரண்டு ஆண்டு விலைவாசிக்கு இரண்டு ரூபாய்! சென்னையில் அதற்கு ஒரு டீ கிடைக்காது.

கூலியை நிர்ணயிக்கும் அதிகாரம் 1948ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே பெரும்பாலான தொழில்களுக்கு மாநிலத்திடம்தான் இருக்கிறது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய ஊதியச் சட்டத் தொகுப்பும் அதைப் பறிக்கவில்லை. மத்திய அரசு சொல்லும் தொகைக்குக் கீழே போகக்கூடாது. மேலே போகத் தடையே இல்லை. ஐந்தாண்டுக்குள் திருத்த வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அது இங்கே நடந்த லட்சணத்தைத் தையல் தொழிலாளர்களிடம் கேட்க வேண்டும். 2004க்குப் பிறகு அவர்களுடைய அடிப்படைக் கூலியை அரசு உயர்த்தியது 2014இல். உடனே முதலாளிகள் நீதிமன்றம் போனார்கள். உயர்வு செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னபோது 2016 ஆகிவிட்டது. ஆண்டுதோறும் ஏப்ரலில் விலைக் குறியீட்டை ஒட்டி ஏறும் பஞ்சப்படியை வைத்துக்கொண்டு, அதுவும் கைக்கு வந்தால், அந்தப் பெண்கள் பன்னிரண்டு ஆண்டு ஓட்டியிருக்கிறார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்னமும் ஆறவில்லை.

தொழில் வெளியே போய்விடும் என்ற பயம் ஏற்றுமதி ஆடைக்கு ஓரளவு பொருந்தலாம். உங்கள் கடைக்குப் பொருந்தாது. தீபாவளித் துணிக்கு ரங்கநாதன் தெருவுக்கு வருகிற கூட்டம் நெல்லூருக்குப் போகாது. வேளச்சேரி அடுக்ககத்தின் இரவுக் காவலையும், ஓட்டலில் பாத்திரம் கழுவும் வேலையையும் யாரும் லாரியில் ஏற்றிக்கொண்டு போக முடியாது. அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலம் 1992இல் தனியாகக் கூலியை உயர்த்தியது. பக்கத்துப் பென்சில்வேனியா உயர்த்தவில்லை. இரு பக்கத்துத் துரித உணவகங்களையும் டேவிட் கார்டு, ஆலன் க்ரூகர் என்ற இரு பொருளியலாளர்கள் ஒப்பிட்டார்கள். நியூஜெர்சியில் வேலை குறையவில்லை என்று கண்டார்கள். அந்த முடிவை மறுத்தவர்களும் உண்டு. ஆனால் கூலி ஏறினால் வேலை போயே தீரும் என்று அடித்துச் சொல்ல அதன்பிறகு யாராலும் முடியவில்லை.

உங்கள் சிரமத்தை நான் மறுக்கவில்லை. தி.நகர் வாடகை எனக்கும் தெரியும். ஆனால் கடை வாடகையை இவ்வளவுதான் தருவேன் என்று கட்டட உரிமையாளரிடம் உங்களால் சொல்ல முடியாது. விற்பனைப் பெண்ணிடம் முடிகிறது. குறைகிற இடம் எப்போதும் அவளுடைய சம்பளம்தான். குறைந்தபட்சக் கூலியைத் தர முதலாளிக்கு வசதி உண்டா என்ற கேள்விக்கே இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 1961இல் சொல்லிவிட்டது. அதற்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பு என்று 1982இல் சொன்னது. இங்கே சென்னைத் தொழிற்சாலை ஒன்றின் தொழிலாளர் வழக்கில், 1991இல், பிள்ளைகள் படிப்பு, மருத்துவம், பண்டிகை, முதுமை எல்லாவற்றுக்குமாகக் குறைந்தபட்சக் கூலியில் கால் பங்கு இருக்க வேண்டும் என்று சொன்னது.

அரசையும் நான் விடுவதாக இல்லை. பதிவேட்டில் ஒரு தொகைக்குக் கையெழுத்து, கையில் வேறு தொகை என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆய்வர்கள் போதாமல் அரசாணை போட்டு என்ன பயன்? 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் நாள்கணக்கில் உட்கார்ந்தார்களே, தனியார் ஒப்பந்தத்துக்குப் போனால் சம்பளம் குறையும் என்பது அவர்களுடைய முக்கியமான முறையீடு. ஊரைப் பெருக்குகிறவர்களுக்கே இந்த நிலை என்றால், துணிக்கடை முதலாளியை அரசு எந்த முகத்தோடு கேட்கும்? கடைப் பெண்கள் உட்கார நாற்காலி போட வேண்டும் என்று 2021இல் இதே மாநிலம்தான் தானாகச் சட்டம் கொண்டுவந்தது. அன்று அது டெல்லியைக் கேட்கவில்லை.

ஒன்று செய்யுங்கள். உங்கள் கடையில் வேலை செய்யும் பெண் ஒருவரிடம் வீட்டு வாடகை எவ்வளவு, எந்த ஊரிலிருந்து எத்தனை மணிக்குப் பஸ் ஏறுகிறார் என்று கேளுங்கள். அதையும் நீங்கள் தரும் சம்பளத்தையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். பெயர் இல்லாமல் அடுத்த இதழில் இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.