சமுதாயக் கல்லூரியில் மொழியும் வரலாறும்: வாசகர் கேள்விகள், பதில்கள்

அமெரிக்காவின் 'கம்யூனிட்டி காலேஜ்' எனப்படும் சமுதாயக் கல்லூரிகளில் மொழி, இலக்கியம், வரலாறு, மெய்யியல் ஆகியவற்றைப் படிப்பது பற்றி இம்முறை பல கடிதங்கள் வந்துள்ளன. எழுதியவர்களில் பெரும்பாலோர் கலிஃபோர்னியாவில் வாழ்பவர்கள், அல்லது அங்கே பிள்ளைகளை அனுப்பியிருப்பவர்கள். ஆதலால் என் பதில்களும் அந்த மாநிலத்தை ஒட்டியே அமைகின்றன. மற்ற மாநிலங்களில் கட்டணமும் விதிகளும் வேறுபடும்.

கேள்வி: எங்கள் மகன் இவ்வாண்டு பள்ளி இறுதி வகுப்பை முடிக்கிறான். வரலாறும் ஸ்பானிய மொழியும் படிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. முதல் இரண்டு ஆண்டுகளைச் சமுதாயக் கல்லூரியில் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்வதாகச் சொல்கிறான். மதிப்பெண் குறைந்தவர்கள் போகுமிடம் அது என்று உறவினர்கள் பேசுவதால் என் கணவர் தயங்குகிறார். உங்கள் கருத்து என்ன? (ஒரு தாய், ஃப்ரீமாண்ட்)

அன்புச் சகோதரி, உங்கள் மகன் சொல்வது ஒரு குறுக்கு வழியன்று. அந்த மாநிலமே திட்டமிட்டுப் போட்டுவைத்த பாதை. 1960ஆம் ஆண்டில் கலிஃபோர்னியா தன் உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டம் வகுத்தபோது, ஆராய்ச்சிக்கு முதன்மை தரும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், கற்பித்தலுக்கு முதன்மை தரும் மாநிலப் பல்கலைக்கழகம், எவர் வந்தாலும் சேர்த்துக்கொள்ளும் இருஆண்டுக் கல்லூரிகள் என மூன்று அடுக்குகளை அமைத்தது; மூன்றாம் அடுக்கில் தொடங்கியவர் மேலே ஏறுவதற்கான படிகளையும் அதனுடனேயே வைத்தது. இன்று அந்த மூன்றாம் அடுக்கில் 116 கல்லூரிகள் உள்ளன. மதிப்பெண் பார்த்து எவரையும் அவை திருப்பி அனுப்புவதில்லை என்பது உண்மைதான். ஆனால் சேர்க்கை எளிது என்பதால் பாடமும் எளிதாகத்தான் இருக்கும் என்று உங்கள் உறவினர்கள் கருதினால் அது தவறு. அங்கே உங்கள் மகன் எடுக்கும் வரலாற்றுப் பாடத்தைப் பல்கலைக்கழகம் தன் பாடத்துக்கு இணையானதாக ஏற்றுக்கொள்கிறது. இறுதியில் பெறும் பட்டத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டுமே இருக்கும்.

கட்டணத்தையும் பார்த்துவிடுவோம். மாநிலத்தில் குடியிருப்பவருக்கு, பாடத்தின் அளவைக் குறிக்கும் 'யூனிட்' ஒன்றுக்கு 46 டாலர். 2012 முதல் இந்தத் தொகை மாறவில்லை. ஆண்டுக்கு 30 யூனிட் எடுத்தால் 1,380 டாலர் ஆகிறது. இதனுடன் சிறு கட்டணங்களும் புத்தகச் செலவும் சேரும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலோ கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்குப் பதினான்காயிரம் டாலருக்கு மேல். கலைப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் பிள்ளைக்கு இந்த வேறுபாடு மிகவும் பெரிது. கடன் சுமையோடு படிக்கும் மாணவன், வரலாற்றில் உண்மையான ஆர்வம் இருந்தாலும், 'இதைப் படித்து என்ன சம்பாதிப்பாய்' என்ற கேள்விக்கு அஞ்சிப் பாதியில் துறை மாறிவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். கடனில்லாத இரண்டு ஆண்டுகள் அவனுக்குத் துணிவைத் தருகின்றன.

கற்பிப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய பல்கலைக்கழகத்தின் முதலாண்டு வரலாற்று வகுப்பில் நூற்றுக்கணக்கானோர் அமர்ந்திருப்பார்கள். கட்டுரைகளைத் திருத்துபவர் பெரும்பாலும் ஓர் ஆராய்ச்சி மாணவராக இருப்பார். சமுதாயக் கல்லூரியில் வகுப்பு சிறியது, முதுகலைப் பட்டம் பெற்ற ஆசிரியரே பாடம் நடத்திக் கட்டுரையையும் தாமே படித்துத் திருத்துகிறார். அவர்களுள் பலர் பகுதிநேர ஆசிரியர்களாக, வாரத்தில் இரண்டு மூன்று கல்லூரிகளுக்குக் கார் ஓட்டிச் சென்று கற்பிப்பவர்கள் என்பதையும், அவர்களைச் சந்திக்க நேரம் கிடைப்பது சில சமயம் கடினம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த நிலை மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உறவினர்களுக்குச் சொல்ல ஒரு பெயர் வேண்டுமென்றால், உங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஹேவர்டின் சபோ கல்லூரியில் படித்தவர் நடிகர் டாம் ஹாங்க்ஸ். அங்கிருந்து சாக்ரமெண்டோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற அவர், தம்மை உருவாக்கியது அந்தச் சமுதாயக் கல்லூரியே என்று 2015இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் எழுதினார்.

இனி, கவனிக்க வேண்டியவை. வரலாறு, ஸ்பானியம், மெய்யியல், ஆங்கிலம் போன்ற துறைகளில், பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்லும் மாற்றுச் சேர்க்கைக்கென்றே வடிவமைத்த இருஆண்டுப் பட்டங்கள் 60 யூனிட் அளவில் உள்ளன. இதைத் தேவையான மதிப்பெண்ணோடு முடித்தவருக்கு மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் இடம் உறுதி. எந்த வளாகத்தில் என்பது மட்டும் உறுதியில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள், நிபந்தனைகளை நிறைவு செய்வோருக்கு முன்கூட்டியே இடத்தை உறுதி செய்யும் ஏற்பாட்டில் உள்ளன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியேகோ மூன்றும் அந்த ஏற்பாட்டில் இல்லை. அங்கே போட்டியிட்டுத்தான் நுழைய வேண்டும். எந்தப் பாடத்தை எந்த வளாகம் ஏற்கும் என்பதை 'அசிஸ்ட்' என்னும் மாநில இணையதளம் பாடம் பாடமாகக் காட்டுகிறது. முதல் பருவத்திலேயே கல்லூரி ஆலோசகரோடு அமர்ந்து, அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு, இரண்டு ஆண்டுகளுக்கும் எழுத்தில் திட்டம் போடச் சொல்லுங்கள்.

மொழி படிக்கும் மாணவர்கள் தவறவிடும் ஒரு செய்தி உண்டு. 2025 இலையுதிர் பருவம் முதல் இரு பல்கலைக்கழக அமைப்புகளுக்கும் பொதுவாக 34 யூனிட் கொண்ட ஒரே அடிப்படைப் பாடத்தொகுப்பு வந்துள்ளது. அதில் கலை, இலக்கியம், வரலாறு, இனக்குழு ஆய்வு ஆகியவற்றுக்கு இடமுண்டு. ஆனால் ஆங்கிலமல்லாத மொழி அதில் சேர்க்கப்படவில்லை. ஆகவே, தொகுப்பை மட்டும் முடித்துவிட்டு ஸ்பானியத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைப்பவர், துறைக்கு வேண்டிய நான்கு பருவ மொழிப்பாடத்துக்கு நேரமின்றித் தவிப்பார். இரண்டாம் ஆண்டு மொழி வகுப்புகள் போதிய மாணவர்கள் சேராததால் கைவிடப்படுவதும் உண்டு. உங்கள் மகன் முதல் பருவத்திலேயே தொடங்கட்டும். ஐந்து யூனிட் மொழிப்பாடம் என்றால் வாரத்துக்கு ஐந்து மணி நேரம் வகுப்பு, ஏறக்குறைய பத்து மணி நேரம் வீட்டுப் பயிற்சி என்று கணக்கிட்டு மற்றப் பாடங்களை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: தமிழ்நாட்டிலும் சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றனவே, அவையும் இவையும் ஒன்றா? (ஒரு வாசகர், திருநெல்வேலி)

பெயர் ஒன்று, பணி வேறு. 1995இல் புதுச்சேரியிலும் 1996இல் சென்னையிலும் தொடங்கிய இவ்வியக்கம், பள்ளிப் படிப்பை விட்டவர்களுக்கும் ஏழை இளைஞர்களுக்கும் தொழில்திறன் கற்பித்து வேலைக்கு அனுப்புவதை முதல் நோக்கமாகக் கொண்டது. அமெரிக்கக் கல்லூரிகளும் செவிலியம், வாகனப் பழுது பார்த்தல் போன்ற தொழில்களைக் கற்பிக்கின்றன. ஆனால் அதே வளாகத்தின் அடுத்த கட்டடத்தில் பிளேட்டோவும் ஓவிய வரலாறும் கற்பிக்கப்படுகின்றன, வாகனப் பழுது பார்க்கக் கற்பவரும் மாலையில் அந்த வகுப்பில் வந்து அமரலாம். இந்தச் சேர்க்கை நம் ஊரிலும் நிகழ வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

கேள்வி: டி ஆன்ஸா கல்லூரியில் சேரவிருக்கிறேன். வீட்டில் தமிழ் பேசுவோம், எழுதத் தெரியாது. அங்கே தமிழ் படிக்க முடியுமா? முடியாதென்றால் எந்த மொழியை எடுக்கலாம்? (ஒரு மாணவி, கூப்பர்டினோ)

மகளே, ஒரு சமுதாயக் கல்லூரி எந்த மொழிகளைக் கற்பிக்கிறது என்பதைச் சுற்றியுள்ள மக்களே பெரிதும் தீர்மானிக்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோ சிட்டி கல்லூரியில் கேன்டனீஸ் என்னும் சீன மொழி கற்பிக்கப்படுவதும், 1970 முதல் பிலிப்பைன் ஆய்வுக்கென்று தனித்துறை இயங்குவதும் அந்நகரில் வாழும் மக்களால்தான். தமிழைப் பட்டத்துக்குரிய பாடமாகச் சமுதாயக் கல்லூரியில் எதிர்பார்க்க வேண்டாம். உங்கள் பகுதியிலேயே வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் நடைபெறுகின்றன. எழுத்தை அங்கே கற்றுக்கொள்ளுங்கள். முறையான பல்கலைக்கழகத் தமிழ்க் கல்வியை பெர்க்லி வளாகம் தருகிறது. தமிழ் செம்மொழியே என்று 2000ஆம் ஆண்டில் கடிதம் எழுதிய பேராசிரியர் ஜார்ஜ் ஹார்ட் பல்லாண்டுகள் பணியாற்றிய இடம் அது. அங்குள்ள தமிழ் இருக்கை அமெரிக்கத் தமிழர்கள் திரட்டிய நிதியால் உருவானது. பெர்க்லிக்கு மாற்றுச் சேர்க்கை பெறுபவர்களில் மிகப் பெரும்பாலோர் கலிஃபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளிலிருந்து செல்பவர்களே என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாண்டுக்குப் பிறகு தமிழ் உங்களுக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கிறது.

அதுவரை எந்த மொழி என்று கேட்டால், ஸ்பானியம் அல்லது ஜப்பானியம் என்பேன். இரண்டிலும் தமிழ் உங்களுக்குக் கைகொடுக்கும். ஸ்பானிய மொழியில் 'ஆப்லோ' என்ற ஒரு சொல்லே 'பேசுகிறேன்' என்று பொருள் தரும். 'நான்' என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, விகுதியே ஆளைக் காட்டிவிடுகிறது. ஆங்கிலம் மட்டும் அறிந்த மாணவர் மனப்பாடம் செய்து பிடிக்க வேண்டியதை நீங்கள் குழந்தைப் பருவத்திலேயே நாவில் வைத்திருக்கிறீர்கள். நீ, நீங்கள் என்ற வேறுபாடு அங்கே 'தூ', 'உஸ்தெத்' என்று நிற்கிறது. ஜப்பானியமோ இன்னும் நெருக்கம். 'தோக்கியோ நி இகிமாஸ்' என்பதில் 'நி' நம் 'கு' உருபைப் போலப் பெயருக்குப் பின்னே ஒட்டி வருகிறது, வினை வாக்கியத்தின் இறுதியில் வருகிறது. 'டோக்கியோவுக்குப் போகிறேன்' என்று சொல்லுக்குச் சொல் அப்படியே வைத்துவிடலாம். நான் நடுவயதில் மாலை வகுப்பொன்றில் ஜப்பானியம் படித்தபோது, ஒரு செவிலியரும் ஓய்வுபெற்ற கப்பற்படை வீரர் ஒருவரும் என் வரிசையில் இருந்தார்கள். வாக்கிய அமைப்பில் அவர்கள் திணறியபோது என்னால் தமிழை நினைத்துக்கொண்டு எளிதாகக் கடக்க முடிந்தது. எழுத்துகளில் நான் திணறியபோது அவர்கள் எனக்கு உதவினார்கள். பத்தொன்பது வயதும் அறுபது வயதும் ஒரே பெஞ்சில் அமர்ந்து ஒரே பிழையைச் செய்யும் அந்த வகுப்பறையை நான் மிகவும் மதிக்கிறேன்.

டி ஆன்ஸாவில் ஆண்டு மூன்று காற்பருவங்களாகப் பிரிகிறது. காற்பருவ யூனிட் அளவில் சிறியது என்பதால், முன்னே சொன்ன 46 டாலருக்குப் பதிலாக ஒன்றுக்கு 31 டாலர். மொழிப்பாடம் வேகமாக நகரும் என்பதால் இடையில் ஒரு காற்பருவம் விட்டால் கற்றது கரைந்துவிடும். தொடர்ந்து மூன்றையும் எடுங்கள். ஃப்ரீமாண்ட் பக்கம் செல்ல முடியுமானால் ஓலோனி கல்லூரியின் அமெரிக்கச் சைகை மொழி வகுப்புகளையும் எண்ணிப் பாருங்கள். காது கேளாதோருக்கான கலிஃபோர்னியா மாநிலப் பள்ளி அதே ஊரில் இருப்பதால், அம்மொழியை வாழ்மொழியாகக் கொண்ட மக்களிடையே பழகிக் கற்கலாம். அதற்கென்று இலக்கணமும் பண்பாடும் உண்டு. ஆங்கிலத்தைக் கைகளால் காட்டுவது என்று அதை எண்ணிவிடாதீர்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற தமிழாசிரியன் நான். சான் ஹோசேயில் உள்ள மகன் வீட்டுக்கு ஆறு மாதம் செல்கிறேன். அருகிலுள்ள கல்லூரியில் உலகச் சமயங்கள் பற்றிய வகுப்பில் சேர்ந்து படிக்கலாமா? (மதுரை)

ஐயா, வருகையாளருக்கான பி-2 விசாவில் சென்று யூனிட் தரும் பாடத்தில் சேர்வது குடிவரவு விதிகளுக்கு மாறானது. ஆர்வத்தின் மிகுதியால் அதைச் செய்துவிட வேண்டாம். பின்னாளில் விசா பெறுவதற்கே அது தடையாகலாம். ஆனால் வளாகம் உங்களுக்கு மூடியிருக்கவில்லை. பொதுச் சொற்பொழிவுகள், இசை நிகழ்ச்சிகள், டி ஆன்ஸாவில் உள்ள யூஃப்ராட் கலை அருங்காட்சியகம் ஆகியவற்றுக்குச் செல்லலாம். ஆசிரியருக்கு முன்கூட்டி மின்னஞ்சல் எழுதி, ஒருநாள் விருந்தினராக வகுப்பில் அமர்ந்து கேட்க இசைவு பெறவும் முயலலாம். நாற்பதாண்டு திருமந்திரமும் தேவாரமும் கற்பித்த ஒருவர் வருகிறார் என்றறிந்தால் மகிழும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: தமிழிலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவள். கணவரின் வேலை காரணமாக எச்-4 விசாவில் இரண்டு ஆண்டுகளாக இங்கே இருக்கிறேன். வீட்டிலேயே அடைந்து கிடப்பதுபோல் இருக்கிறது. நான் படிக்க முடியுமா? பிற்காலத்தில் கற்பிக்கவும் விரும்புகிறேன். (ஒரு வாசகி, சன்னிவேல்)

தாராளமாகப் படிக்கலாம், அம்மா. எச்-4 விசாவில் இருப்பவர் படிப்பதற்குத் தடையில்லை. மாணவர் விசாவில் வருபவரைப் போல ஒரு பருவத்துக்கு 12 யூனிட் எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரே ஒரு பாடத்தோடு தொடங்கலாம். ஓராண்டுக்கு மேல் கலிஃபோர்னியாவில் வாழ்ந்திருப்பதையும், இங்கேயே நிலைத்திருக்கும் எண்ணத்தையும் ஓட்டுநர் உரிமம், வரிப் படிவம் போன்றவற்றால் காட்டினால் குடியிருப்பாளர் கட்டணமே உங்களுக்கும் பொருந்தும். இல்லையென்றால் ஒரு யூனிட்டுக்கு முந்நூறு டாலரைத் தாண்டுவது வழக்கம்; ஆகவே விண்ணப்பத்தில் இந்தப் பகுதியை நிதானமாக நிரப்புங்கள்.

கற்பிப்பதைப் பொறுத்தவரை, இக்கல்லூரிகளில் கலைப் பாட ஆசிரியராவதற்கு அந்தந்தத் துறையில் முதுகலைப் பட்டம் அடிப்படைத் தகுதி. இந்தியப் பட்டத்தை இங்குள்ள மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றின் வழியாகச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். வேலை செய்வதற்கான அனுமதி அட்டை தனி. அது கையில் வரும்வரை ஊதியம் பெறும் எந்தப் பணியையும் ஏற்காதீர்கள். தமிழுக்கு மட்டும் என்றால் வாய்ப்பு குறைவு என்பதால், இங்கே மொழியியலையோ பிறமொழியாளருக்கு ஆங்கிலம் கற்பித்தலையோ அடுத்த படியாகக் கொள்வது நல்லது.

முதல் பாடமாக மொழியியல் அறிமுகத்தை எடுக்கச் சொல்வேன். தொடக்க வாரங்களிலேயே ஒலிகள் நாவிலும் பல்லிலும் அண்ணத்திலும் எங்கே, எப்படிப் பிறக்கின்றன என்பதைப் படம் வரைந்து விளக்குவார்கள். வகுப்பிலுள்ள மற்றவர்களுக்கு அது முற்றிலும் புதிதாக இருக்கும். தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் பிறப்பியலை நூற்பா நூற்பாவாகப் படித்த உங்களுக்கு அப்படி இராது. ஊரிலிருந்து வரும்போது அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தால், வகுப்பு தொடங்குமுன் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.