அப்பா இறந்தபோது வந்த நிம்மதி

அன்புள்ள ஆலோசகருக்கு,

அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த காலமெல்லாம் நான்தான் உடனிருந்தேன். தங்கை அவ்வப்போது வந்து பார்த்துவிட்டுப் போவாள். அவர் இறந்த இரவு அழுகை வருவதற்கு முன்பே 'அப்பாடா' என்று ஒரு நிம்மதி வந்தது. பிறகு உயிலைப் பிரித்தோம். வீடு என் பெயருக்கு எழுதப்பட்டிருந்தது. தங்கை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அதன் பிறகு ஜெர்மன் தத்துவஞானி ஷோப்பன்ஹவரைப் படித்தேன். நம்மை நடத்துவது கண்மூடித்தனமான இச்சை, அறிவு அதன் வேலைக்காரன் என்கிறார். ஓர் ஆசையை ஆண்டுக்கணக்கில் நமக்கே தெரியாமல் வைத்திருப்போம், அது நிறைவேறும்போது வரும் மகிழ்ச்சிதான் அதைக் காட்டிக்கொடுக்கும் என்று சொல்லி, சொத்து வரவேண்டிய நெருங்கிய உறவினரின் சாவை உதாரணமாகத் தருகிறார். அப்படியானால் அப்பாவை நான் பராமரித்ததெல்லாம் வேஷமா? தூக்கம் போய்விட்டது.

– பெயர் வேண்டாம்

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் குறிப்பிடும் பகுதி ஷோப்பன்ஹவருடைய முக்கிய நூலின் இரண்டாம் பதிப்போடு 1844-இல் வந்த தொகுதியில் இருக்கிறது. கணக்கு எழுதும்போது நமக்குச் சாதகமாகவே அதிகம் தவறுகிறோம், அதில் ஏமாற்றும் எண்ணம் துளியும் இருக்காது என்று அதே இடத்தில் சொல்கிறார். உளப்பகுப்பாய்வை உருவாக்கிய ஃப்ராய்டு கனவுகளைப் பற்றி எழுதிய நூலுக்கு அரை நூற்றாண்டு முந்தைய எழுத்து இது. மனம் வேண்டாததை ஒதுக்கி மறைக்கும் விதத்தை ஷோப்பன்ஹவர் முன்பே கண்டிருந்தார் என்று ஃப்ராய்டே ஒப்புக்கொண்டார். ஆகவே 'அதெல்லாம் வெறும் தத்துவம், விட்டுத்தள்ளுங்கள்' என்று நான் சொல்லப்போவதில்லை. வீட்டின் மீது உங்களுக்கு ஆசை இருந்திருக்கலாம்.

ஆனால் அன்றிரவு வந்த நிம்மதி எந்த ஆசையுடையது? அப்பாவுடைய வலி தீரவேண்டும், நான் ஓர் இரவாவது முழுதாகத் தூங்கவேண்டும், வீடு வரவேண்டும் என்று மூன்று ஆசைகள் இருந்திருந்தால் மூன்றுக்கும் ஒரே நேரத்தில்தான் வழி பிறந்தது. இவற்றில் அசிங்கமானதை மட்டும் பொறுக்கியெடுத்து 'இதுதான் நான்' என்று தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். மறைந்திருப்பதாலேயே ஓர் ஆசை மற்றவற்றைவிட உண்மையாகிவிடாது. நீண்ட காலம் நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களிடம் இந்த நிம்மதியை நான் அடிக்கடி கேட்கிறேன். அவர்களில் பலருக்குச் சொத்து என்று எதுவும் வந்ததில்லை.

ஷோப்பன்ஹவரிலும் நீங்கள் பாதியில் நின்றுவிட்டீர்கள். அறத்தின் அடிப்படை பற்றி 1839-இல் டென்மார்க்கின் அரச அறிவியல் கழகப் போட்டிக்கு அவர் ஒரு கட்டுரை அனுப்பினார். போட்டிக்கு வந்ததே அந்த ஒரு கட்டுரைதான், அதற்கும் பரிசு தர மறுத்துவிட்டார்கள்! மனிதச் செயல்களுக்குத் தன்னலம், பிறருக்குத் தீங்கு நினைத்தல், இரக்கம் என மூன்று தூண்டுதல்களை அதில் சொல்கிறார். அவ்வளவு கசப்பான மனிதரே இரக்கத்தை வேஷம் என்று தள்ளவில்லை.

இன்னொன்று. அறிவு இச்சையின் வேலைக்காரன் என்றால், இப்போது உங்களை இரவெல்லாம் விசாரிக்கும் நீதிபதியும் அதே வேலைக்காரன்தானே? அவன் தரும் தண்டனையை மட்டும் எப்படி நம்புகிறீர்கள்? உள்ளே தோண்டிக்கொண்டே போனால் இந்த வழக்கு முடியாது. தூக்கமின்மை தொடர்ந்தால் ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, தங்கை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பது. அதை எழுதிவிட்டு அவசரமாகத் தத்துவத்துக்குப் போய்விட்டீர்கள். அப்பா இருந்தபோது என்ன விரும்பினீர்கள் என்பதை இனி யாராலும் நிரூபிக்க முடியாது. வீட்டைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்பதைக் கேட்டுவிடலாம். பங்கு தருவதா இல்லையா என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு போகாதீர்கள். 'உயிலைப் பார்த்தபோது உனக்கு எப்படி இருந்தது?' என்று மட்டும் கேளுங்கள். அவள் கோபப்பட்டால் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள். அதன் பிறகு எனக்கு எழுதுங்கள்.