டென்டலும் டூத்தும்

கேள்வி: கிளினிக் பலகையில் 'டென்டல்', பேஸ்ட்டில் 'டூத்'. நம் 'தந்தம்' முதலாவதோடு ஒட்டுகிறது, இரண்டாவதோடு ஒட்டவில்லையே? மலாய் 'டுவா'வும் ஆங்கில 'டூ'வும் உறவா?
– வாசகி, பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: தந்தம், டென்டல், டூத் மூன்றும் ஒரே வேர். சமஸ்கிருதத்தில் 'தந்த' என்பதன் முதல் தகரம் 'பந்து'வில் வருவது போலத் தொண்டை அதிர ஒலிக்கும். அடுத்த தகரம் 'பத்து'வில் வருவது போல அதிராது. நம் எழுத்து இரண்டுக்கும் ஒன்றே என்பதால் காதால்தான் பிரிக்க வேண்டும்.

ஆங்கிலம், ஜெர்மன், டச்சு ஆகியவற்றின் மூதாய்மொழியில், கி.மு. முதல் ஆயிரமாண்டில், அதிர்ந்த ஒலி அதிர்விழந்தது. அதிராத ஒலி, பல்லில் நாக்கை வைத்து ஊதும் உரசொலியானது. 'டூத்' என்பதன் முதலிலும் முடிவிலும் இவ்விரண்டையும் கேட்கலாம். நடுவிலிருந்த 'ன்' ஆங்கிலத்தில் உரசொலிக்கு முன் விழுந்து, உயிர் நீண்டது. 'டென்டல்' பிற்பாடு லத்தீனிலிருந்து வந்த கடன். மாற்றம் முடிந்தபின் வந்ததால் தப்பியது. பாதம், பெடல், ஃபுட் கதையும் இதுவே. 1818-இல் டென்மார்க் மொழியறிஞர் ராஸ்க் கண்டதை 1822-இல் ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோப் கிரிம் விதியாக வகுத்தார்.

சொற்களை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் சறுக்குமிடம் 'ஸ்'. அதை அடுத்த வல்லொலி மாறாது: ஸ்தானம், ஸ்டாண்ட். இதைப் பார்த்து விதி பொய் என்று முடிவுகட்டக் கூடாது.

காலவரிசைக்கு மிளகைவிட நல்ல சாட்சி கிடையாது. நம் திப்பிலியின் உறவான சமஸ்கிருத 'பிப்பலி' கிரேக்கம் வழியாக லத்தீனில் 'பிபெர்' ஆயிற்று. அதை ஆங்கிலம் 'பெப்பர்' என்கிறது. பகரம் மாறவில்லை, ஆகவே முதல் மாற்றத்துக்குப் பிந்திய வரவு. ஜெர்மனோ 'ப்ஃபெஃபர்' என்கிறது. தெற்கு ஜெர்மன் பகுதிகளில் கி.பி. 8-ஆம் நூற்றாண்டுக்குள் நடந்த இரண்டாம் மாற்றத்தில் பகரம் முதலில் 'ப்ஃ' ஆகவும் நடுவில் 'ஃப்' ஆகவும் உடைந்தது. அப்படியானால் அதற்கு முன்பே மிளகு அங்கே போய்விட்டது! அதே மாற்றத்தால்தான் ஆங்கில 'டென்' ஜெர்மனில் 'ட்ஸேன்'.

டுவா–டூ ஒற்றுமை தற்செயல். ஆங்கிலச் சொல்லுக்குச் சமஸ்கிருத 'த்வி' உறவு. மலாய்ச் சொல்லின் உறவுகள் கடல் வழியே கிடக்கின்றன: ஹவாயில் 'லுவா', மாவோரியில் 'ருவா'.