பெல்ஜியத்துல இருந்து ஒரு ஒப்பாரி: வாசகர் கேள்வி, அக்கா பதில்

போன இதழ்ல ஸ்ட்ரோமாய்ங்கிற பெல்ஜியம் பாட்டுக்காரரப் பத்தி சும்மா ரெண்டு வரி எழுதியிருந்தேன், அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு நினைக்கவே இல்ல. அதனால இந்தத் தடவ முழுக்க அவருதான், சமையல் கேள்வியும் பிள்ளைங்க படிப்புக் கேள்வியும் அனுப்புனவங்க அடுத்த இதழ் வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்குங்க.

அக்கா, நீங்க ஸ்ட்ரோமாய்னு எழுதுறீங்க, என் வீட்டுக்காரரு ஸ்ட்ரோமேங்கிறாரு, இதுக்கே காருல ஒரு சண்ட. எது சரி? அது என்ன பேரு? – ஈசூன் வாசகி

ஸ்ட்ரோமாய்தான்மா. மாயெஸ்ட்ரோன்னா இசை மேதை இல்லயா, அத ரெண்டா ஒடச்சு பின்னாடி இருக்குறத முன்னாடி போட்டா ஸ்ட்ரோ-மாய். பிரெஞ்சு பேசுற ஊர்ப் பசங்க இப்படி வார்த்தையத் திருப்பிப் போட்டுப் பேசுறது ரொம்ப நாள் வழக்கம், அதுக்கு வெர்லான்னு பேரு, நம்ம சின்ன வயசுல ஒவ்வொரு எழுத்துக்கு முன்னாடியும் 'க' போட்டு க-பாஷை பேசுவோம்ல, பெரியவங்களுக்குப் புரியக் கூடாதுன்னு, கிட்டத்தட்ட அந்த மாதிரி. சொந்தப் பேரு போல் வான் ஹாவெர், 1985ல பிரஸ்ஸல்ஸ்ல பொறந்தவரு. அம்மா பெல்ஜியம், அப்பா ருவாண்டா. 1994ல ருவாண்டாவுல துட்ஸி மக்கள கொன்னு குவிச்சாங்களே, அதுல அவரோட அப்பாவும் போயிட்டாரு, பையனுக்கு அப்ப ஒம்பது வயசு. அப்பாவோட சேர்ந்து இருந்த நாளே ரொம்பக் கம்மி. இத ஞாபகம் வச்சுக்குங்க, கீழ ஒரு கேள்விக்கு வேணும்.

வணக்கம்க்கா. என்எஸ், அதான் கட்டாய ராணுவ சேவை, முடிச்சுட்டு போலிடெக்னிக் போகப் போறேன், ராத்திரி லேப்டாப்ல பீட் போடுறேன், அம்மா தூங்குறதால ஹெட்போன்லதான். அவரு எப்படி ஆரம்பிச்சாரு? பெரிய ஸ்டூடியோ இல்லாம முடியுமா? – ஜூரோங் வெஸ்ட் தம்பி

முடியும்பா, அவரே அப்படித்தான் வந்தாரு. சின்ன வயசுல டிரம்ஸ் கத்துக்கிட்டாரு, அப்புறம் ராப், அப்புறம் சினிமா படிப்பு, செலவுக்கு பர்கர் கடை வேலை. 2009ல ஒரு ரேடியோ ஸ்டேஷன்ல இன்டர்ன்ஷிப் செஞ்சிட்டிருந்தப்ப அவரே செஞ்ச ஒரு பாட்ட அங்க இருந்தவங்க கேட்டுட்டு ரேடியோவுல போட்டாங்க, அதுதான் 'அலோர் ஒன் தான்ஸ்', சரி அப்ப ஆடுவோம்னு அர்த்தம். அங்கேர்ந்து ஐரோப்பாவுல நிறைய நாட்டுல நம்பர் ஒன்னு.

அந்தப் பாட்ட ஹெட்போன்லயே ஒருவாட்டி நிதானமா கேளு. அதுல என்ன இருக்கு, தும் தும்னு அடிக்கிற ஒரு கிக் டிரம், ஊதல் மாதிரி ஒரு குட்டி மெட்டு திரும்பத் திரும்ப, மேல பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவுல ஒரு குரல், அவ்ளோதான். முதல் ஆல்பம் 'சீஸ்' 2010ல வந்துச்சு, போட்டோ எடுக்குறப்ப சிரிக்கச் சொல்ற அந்த சீஸ், அது பூராவும் இப்படித்தான், கம்ப்யூட்டர் சத்தம்தான், ஆனா எந்தச் சத்தத்த எங்க விடணும், எங்க நிறுத்தணும்ங்கிறதுல அவ்ளோ கணக்கு. இன்னொன்னு, அவரு பாட்ட எப்படிக் கட்டுறாருன்னு பாடம்னு பேரு போட்டு குட்டிக் குட்டி வீடியோவா அவரே செஞ்சு காட்டியிருக்காரு, பிரெஞ்சு தெரியலேன்னாலும் பரவால்ல, கை என்ன பண்ணுதுன்னு பாரு, உனக்குப் புரியும்.

அவரு போடுற பீட் வானத்துல இருந்து குதிச்சது இல்லப்பா. உங்க அம்மாகிட்ட 'பம்ப் அப் தி ஜாம்' தெரியுமான்னு கேட்டுப் பாரு, தெரியும்பாங்க, 1989ல அத செஞ்ச டெக்னோட்ரானிக் பெல்ஜியத்துக்காரங்க, குரல் கொடுத்த பொண்ணு காங்கோவுல பொறந்தவங்க. காங்கோ 1960 வரைக்கும் பெல்ஜியத்தோட பிடியில இருந்த நாடு, பிரஸ்ஸல்ஸ்ல மட்டோங்கேன்னு காங்கோக்காரங்க பேட்டையே இருக்கு, நம்ம தேக்கா, லிட்டில் இந்தியா மாதிரி வச்சுக்கயேன். அப்படிப்பட்ட ஊருல வளர்ந்த பையன் காதுல ஒரு பக்கம் டிஸ்கோ பீட், ஒரு பக்கம் காங்கோ ரும்பா கிட்டார், இன்னொரு பக்கம் ஜாக் பிரெல். பிரெல் அதே ஊருல 1929ல பொறந்த பெரிய பாட்டுக்காரரு, மூஞ்சி கை கால் எல்லாத்தாலயும் பாடுவாரு. இந்த மூணும் ரெண்டாவது ஆல்பத்துலதான் ஒழுங்காச் சேருது.

அக்கா, வார்த்தையோட அர்த்தத்த தேடிப் படிச்சுப் பாத்தேன், மனசு கனத்துப் போச்சு. அப்பா செத்ததுக்கு, கேன்சருக்கு, குடிச்சுட்டு பொலம்புறதுக்கு எல்லாம் டான்ஸ் பீட்டா? துக்கத்த மதிக்காத மாதிரி இருக்கே. – தெம்பனிஸ் வாசகி

இந்தக் கேள்விக்கு நான் நிறைய எழுதப் போறேன்மா, ஏன்னா எனக்கு அவரப் பிடிச்சதே இதுக்காகத்தான்.

எங்க தாத்தா செத்தப்ப எனக்குப் பத்து வயசிருக்கும், சிங்கப்பூர்ல இருந்து மன்னார்குடி பக்கத்துல எங்க கிராமத்துக்குப் போனோம், வீட்டுக்கு உள்ள பொம்பளைங்க வட்டமா உக்காந்து ஒருத்தர் கழுத்த ஒருத்தர் கட்டிக்கிட்டு ஒப்பாரி, வாசல்ல பறை. அந்த அடி இருக்கே, அது நெஞ்சுக்குள்ள போயி அடிக்கும், எங்க சின்னத் தாத்தா, செத்தவரோட கூடப் பொறந்த தம்பி, கண்ணுல தண்ணி வழிய வழிய அதுக்கு ஆடுனாரு. அப்ப எனக்கு பயமா இருந்துச்சு, ஏன் ஆடுறாருன்னு அம்மாகிட்ட கேட்டேன், அம்மா பதில் சொல்லல, என்ன இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. உள்ள பாட்டி பாடுனது பூரா தாத்தாவத் திட்டுறதுதான், எங்க போன, ஏன் போன, என்ன யாரு கேப்பான்னு.

2013ல வந்த 'பாபாவுத்தே'ங்கிற பாட்டுக்கு அர்த்தம் என்ன தெரியுமா? அப்பா, எங்க இருக்க. பேச்சுல மூணு நாலு வார்த்தையா இருக்குறத ஒட்டி ஒரே வார்த்தையா எழுதி பாட்டுக்குப் பேரா வச்சிருக்காரு. வீடியோவுல ஒரு சின்னப் பையன் அசையாத பொம்மையா உக்காந்திருக்குற அப்பாவ ஆட வைக்கப் பாக்குறான், கூப்பிடுறான், இழுக்குறான், பொம்மை அசையாது, அந்தப் பொம்மையா நடிச்சிருக்குறது ஸ்ட்ரோமாயேதான். பீட்டும் கிட்டாரும் ஆப்பிரிக்கக் கல்யாண வீட்டுல போடலாம், அவ்ளோ துள்ளல். எனக்கு அந்த இடத்துல எங்க பாட்டிதான் ஞாபகம் வந்தாங்க. செத்தவங்கள எங்க போனேன்னு கேக்குறது ஒப்பாரிதானேம்மா, வாசல்ல அடிக்கிற அடிக்கு காலு தானா ஆடுறதும் நமக்குத் தெரிஞ்சதுதானே. நம்ம ஊரு சாவு வீட்டப் பாத்தவங்களுக்கு இந்தாளு செய்யறது சட்டுனு புரியணும். மதிக்காதவரு இல்ல அவரு, துக்கத்த உடம்புக்குள்ளயே பூட்டி வைக்காம வெளிய விடுறாரு.

கேன்சர் பாட்டச் சொன்னீங்க, அது பேரு 'கான் சே', எப்போன்னு கேக்குற கேள்வி, வேகமாச் சொன்னா பிரெஞ்சுல கேன்சருக்கு என்ன சொல்வாங்களோ அதே மாதிரி கேக்கும். குடிகாரன் பாட்டு 'ஃபோர்மிதாப்ல்', அதுக்கு அட்டகாசம்னு அர்த்தம், அதையே கொஞ்சம் பிரிச்சு 'ஃபோர் மினாப்ல்'னு பாடுவாரு, அப்ப ரொம்பக் கேவலம்னு ஆயிடும், நீ அட்டகாசம், நான் கேவலம்னு. சிலேடை! காளமேகப் புலவரு இருந்திருந்தா இந்தப் பையனக் கூப்பிட்டுப் பக்கத்துல உக்கார வச்சிருப்பாரு. அந்தப் பாட்டுக்கு வீடியோ எப்படி எடுத்தாருன்னா, பிரஸ்ஸல்ஸ்ல லூயிஸ் டிராம் ஸ்டாப்புல காலை நேரத்துல மழையில குடிச்சவரு மாதிரி தள்ளாடித் தள்ளாடிப் பொலம்புறாரு, ஜனங்க வேலைக்குப் போறாங்க, கேமரா ஒளிச்சு வச்சிருக்கு, போலீஸ்காரங்க வந்து விசாரிச்சுட்டு வீட்ல விடட்டுமான்னு கேக்குறாங்க. அதுல போறவங்க வர்றவங்க மூஞ்சியப் பாருங்க. நம்ம எம்ஆர்டி ஸ்டேஷன் வாசல்ல ஒருத்தரு அப்படி நின்னா நானும் தலையக் குனிஞ்சுட்டு கார்டத் தட்டிட்டுத்தான் போவேன்னு நினைக்குறப்ப எனக்கு வயித்தப் பிசைஞ்சுது.

இது ரெண்டும் 'பாபாவுத்தே'வும் 'ராசின் காரே' ஆல்பத்துல வருது, வர்க்கமூலம்னு அர்த்தம், 2013 ஆகஸ்டுல வந்துச்சு, பிரான்ஸ்ல மட்டும் இருபது லட்சத்துக்கு மேல வித்துச்சு. மூலம்னா வேரு, தமிழ்லயும் பிரெஞ்சுலயும் அதே அர்த்தம்தான், அப்பாவோட ஆப்பிரிக்காவ அவரு தேடிப் போன ஆல்பம் அது, கேப் வெர்டேல இருந்து வந்த செசாரியா எவோராங்கிற பாட்டுக்காரம்மாவுக்கு அஞ்சலியா ஒரு பாட்டு, பிசேயோட 'கார்மென்' ஓபரா மெட்ட எடுத்து ட்விட்டரப் பத்தி ஒண்ணு. அவரு செஞ்சதுல எனக்கு இன்னிக்கும் இதுதான் ஒசத்தி.

நல்லா ஓடிக்கிட்டு இருந்தவரு திடீர்னு காணாமப் போனாரே, என்ன ஆச்சு? திரும்பி வந்தப்ப பாட்டே வேற மாதிரி இருக்கு, என் மகனுக்குப் பிடிக்கல. – தோ பாயோ, ஓய்வுபெற்ற ஆசிரியர்

ஐயா, 2015ல ஆப்பிரிக்கா டூர் போனப்ப மலேரியா வராம இருக்க ஒரு மாத்திர சாப்பிட்டாரு, லாரியம்னு பேரு, அது சில பேருக்கு மனச ரொம்பக் கலக்கிடும், அவருக்கும் அப்படி ஆகி நிலைகுலைஞ்சு போயிட்டாரு. டூர நிறுத்த வேண்டியதாச்சு. கொஞ்சம் தேறி அந்த வருஷம் அக்டோபர்ல நியூயார்க் மேடிசன் ஸ்குவேர் கார்டன்ல பிரெஞ்சுலயே பாடுனாரு, அதே மாசம் கடைசியா ருவாண்டா தலைநகரம் கிகாலியில, அப்பா ஊருல. அதோட மேடைய விட்டுட்டாரு. பொண்டாட்டியும் கூடப் பொறந்தவரும் சேர்ந்து நடத்துற மோசார்ட்டுங்கிற துணி டிசைன் வேலையிலயும் அடுத்தவங்களுக்கு வீடியோ எடுத்துக் குடுக்குறதுலயும் இருந்துட்டாரு, ஒரு பையன் பொறந்தான்.

திரும்பி வந்த விதம்தான்யா எனக்கு மறக்கவே மறக்காது. 2022 ஜனவரியில பிரான்ஸ்ல ராத்திரி எட்டு மணி டிவி செய்தியில பேட்டி, நம்ம வசந்தம் டிவியில செய்தி வாசிக்கிற இடத்துல பேட்டி நடக்குதுன்னு வச்சுக்குங்க, தனிமையிலேர்ந்து வெளிய வர இசை உதவுச்சான்னு கேக்குறாங்க, அவரு பதிலப் பாட்டாவே பாட ஆரம்பிச்சுட்டாரு, கேமராவ நேராப் பாத்து. 'லான்ஃபேர்', நரகம்னு அர்த்தம். செத்துடலாமான்னு எனக்கும் தோணியிருக்கு, அதுல பெருமையும் இல்ல, இப்படி நினைக்கிறது நான் மட்டும் இல்லன்னும் தெரியும், ஆனாலும் தனியாத்தான் இருக்கேன்ங்கிற மாதிரி போகும். செய்தி பாக்க உக்காந்தவங்க வீட்டுக்குள்ளயே இதக் கொண்டுபோயிட்டாரு.

(இத வாசிக்கிறவங்க யாருக்காவது அந்த மாதிரி நினைப்பு இருந்தா, சமாரிட்டன்ஸ் ஆப் சிங்கப்பூர் 1767, இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பாங்க, கூப்பிடுங்க கண்ணு.)

இனி உங்க மகன் சொன்னது. அந்த மூணாவது ஆல்பம் 'மியூல்திதியூத்', கூட்டம்னு அர்த்தம், 2022 மார்ச்சுல வந்துச்சு. முதல்ல கேட்டப்ப எனக்கும் ஏமாத்தமாத்தான் இருந்துச்சு, காலு ஆடல. கிக் டிரம்ம கொறச்சுட்டு தென்னமெரிக்கா மலைக்காரங்களோட சராங்கோங்கிற குட்டி கிட்டார், பாரசீக நெய் புல்லாங்குழல், பல்கேரியா பொம்பளைங்க கூட்டுக் குரல், சீனாவோட எர்ஹூன்னு கொண்டு வந்திருக்காரு. எர்ஹூ நமக்குப் புதுசா ஐயா, உங்க தோ பாயோவுல ஏதாவது ஒரு பிளாக்குல சாயங்காலம் யாராவது ஒரு பெரியவரு வாசிச்சுக்கிட்டுத்தான் இருப்பாரு, அந்த ரெண்டு கம்பி அழுகைய ஸ்ட்ரோமாய் 'லா சொலாசித்யூத்'னு ஒரு பாட்டுல வச்சிருக்காரு, தனிமையும் அலுப்பும் சேர்ந்த ஒரு வார்த்தை, அவரே செஞ்சது. ஒரு பாட்டுக்கு ஒரு ஊரு வாத்தியத்த ஊறுகா மாதிரி ஓரத்துல வைக்கிறவங்கள நிறையப் பாத்திருக்கோம், இவரு அத நடுவுல வச்சு பீட்ட ஓரத்துக்குத் தள்ளிட்டாரு, அதான் பழக நேரம் எடுக்குது. மூணாவது நாலாவது தடவை கேட்டப்ப எனக்குப் பிடிபட்டுச்சு. மகன்கிட்ட 'சான்தே'யப் போட்டுக் காட்டுங்க, சியர்ஸ்னு அர்த்தம், எல்லாரும் கூத்தடிக்கிற ராத்திரியில வேலை பாக்குற கிளீனருக்கும் ரொட்டி சுடுறவருக்கும் நர்ஸுக்கும் கிளாஸத் தூக்குற பாட்டு. ராத்திரி ஷிப்ட் முடிச்சுட்டு விடியக்காலம் பஸ்ஸுல தூங்குறவங்கள தினம் பாக்குற ஊருல இது எடுபடாமப் போகாது.

2023ல மறுபடியும் உடம்பு முடியாம மிச்ச டூர நிறுத்திட்டாரு. அடுத்த வருஷம் ஒரு கார்ட்டூன் சீரியலுக்கு பொம்முங்கிற பிரெஞ்சுப் பாடகியோட சேர்ந்து பாடுன பாட்டு நல்லா ஓடுச்சு.

தமிழ்ல இப்படி ஒருத்தர் வருவாங்களா? – செங்காங்

ஏன் வர மாட்டாங்க. யங் ராஜா நம்ம ஊருப் பிள்ளை, தமிழையும் இங்கிலீஷையும் ஒரே மூச்சுல ராப் பண்றாரு, யாரும் அர்த்தம் கேட்டுட்டு நிக்கல, ஆடுறாங்க. எனக்கு ஆசை என்னன்னா ஒப்பாரி தெரிஞ்ச ஒரு பாட்டியும் மேல எழுதுன ஜூரோங் வெஸ்ட் தம்பி மாதிரி ஒருத்தரும் ஒரு நாள் ஒண்ணா உக்காரணும்.

பிரெஞ்சு ஒரு எழுத்தும் தெரியாது, எங்க ஆரம்பிக்கிறது? – உட்லண்ட்ஸ்

'பாபாவுத்தே' வீடியோவ சத்தத்தோட ஒருவாட்டி, சத்தமே இல்லாம ஒருவாட்டி. அப்புறம் டிராம் ஸ்டாப் வீடியோ. அப்புறம் அந்த டிவி செய்திப் பேட்டி. 'அலோர் ஒன் தான்ஸ்' கடைசியா கேளுங்க, அந்த ஆட்டத்துக்குப் பின்னாடி படிப்பு, வேலை, காசு, கடன்னு ஒரு ஆளு கழுத்து வரைக்கும் முங்கிக்கிட்டிருக்கான்னு அப்பதான் காதுல விழும்.