சீனியரிடம் எதை, எப்படிக் கேட்பது? இளம் மருத்துவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: "எனக்கு வழிகாட்டியாக இருப்பீர்களா?" என்று பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பதிலே இல்லை. மறுபடி கேட்கலாமா? (மூன்றாம் ஆண்டு மாணவி)

ப: கேட்கலாம். ஆனால் அதையே கேட்காதீர்கள். அந்த ஒற்றை வரி அவர் தலையில் எவ்வளவு பெரிய சுமையாக விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எத்தனை மாதம், எதைப் பற்றி, வாரத்துக்கு எவ்வளவு நேரம், எதுவுமே அதில் இல்லை. "நேற்று ரவுண்ட்ஸில் அந்த நோயாளிக்கு எக்கோ (இதய ஸ்கேன்) வேண்டாம் என்றீர்கள், காரணம் புரியவில்லை. பத்து நிமிடம் கிடைக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொன்னதைப் படித்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து அடுத்த சந்தேகத்தோடு போய் நில்லுங்கள். மூன்றாவது தடவை பெரும்பாலும் அவரே கூப்பிட்டு, "இந்த கேஸைப் பார்த்தாயா?" என்பார். அதற்கப்புறம் அந்த மின்னஞ்சலுக்கு வேலையே இல்லை.

எல்லாவற்றுக்கும் ஒரே ஆளைத் தேடவும் வேண்டாம். துறைத்தலைவருக்குத் தேர்வு பயம் மறந்தே போயிருக்கும். உங்களைவிட இரண்டு வருடம் மூத்தவருக்கு அது நேற்று நடந்தது போல இருக்கும். எனக்கு நரம்பில் ஊசி ஏற்றக் கற்றுத்தந்தவர் வார்டில் இருந்த ஒரு செவிலியர். எந்தப் பேராசிரியருக்கும் அந்தப் பொறுமை இருந்ததில்லை.

கே: அறுவை சிகிச்சைதான் என் ஆசை. நான் பெரிதும் மதிக்கும் சர்ஜன், "உனக்கு ஒத்துவராது, வேறு துறைக்குப் போ" என்கிறார். குழம்பிப்போயிருக்கிறேன். (பயிற்சி மருத்துவர், பெண்)

ப: குழந்தை பிறந்ததும் அதன் உடல்நிலையைப் பார்த்துப் போடும் ஆப்கார் மதிப்பெண்ணை உங்களுக்குத் தெரியும். அதை உருவாக்கிய வர்ஜீனியா ஆப்காரும் உங்களைப் போல அறுவை சிகிச்சையில் பயிற்சி எடுத்தவர்தான். 1930களில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவருடைய தலைவராக இருந்த சர்ஜன் ஆலன் விப்பிள் (ஆம், கணையத்தில் செய்யும் விப்பிள் அறுவை சிகிச்சையின் விப்பிள்தான்) அவரை மயக்க மருந்து கொடுக்கும் துறையான மயக்கவியலுக்குப் போகச் சொன்னார். ஆப்கார் போனார். 1949இல் கொலம்பியா மருத்துவக் கல்லூரியில் முழுப் பேராசிரியரான முதல் பெண் அவர். 1952இல் அந்த மதிப்பெண் வந்தது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலரும் "பெரியவர் பேச்சைக் கேட்டதால் முன்னுக்கு வந்தார்" என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அது உறுத்தும். விப்பிள் குறை கண்டது ஆப்காரின் கையில் அல்ல. தான் பயிற்சி கொடுத்த மற்றப் பெண் சர்ஜன்கள் தொழிலில் நிலைக்கத் திணறியதை அவர் பார்த்திருந்தார். அவர் பேசியது அன்றைய உலகத்தைப் பற்றி.

ஆகவே உங்கள் சர்ஜனிடம் நேராகக் கேளுங்கள்: "என் கையில் குறையா, இல்லை நான் படப்போகும் கஷ்டத்தை நினைத்துச் சொல்கிறீர்களா?" கையில் குறை என்றால் எந்த இடத்தில் என்று காட்டச் சொல்லுங்கள், முடிச்சுப் போடுவதில் தடுமாற்றம் என்றால் பழகினால் போகும். கஷ்டத்தை நினைத்துச் சொல்கிறார் என்றால், முடிவெடுக்க வேண்டியவர் நீங்கள்தான். அதற்கு முன் அந்தத் துறையில் தொடர்ந்து சில இரவு டூட்டி பாருங்கள். பெரிய ஆபரேஷனை வேடிக்கை பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். காலை ஐந்து மணிக்கு டிரெஸ்ஸிங் மாற்றும்போதும் அந்த ஆசை மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கே: கட்டுரை முழுக்க என் உழைப்பு. எதுவும் செய்யாத ஒருவரின் பெயரையும் சேர்க்கச் சொல்கிறார்கள். (முதுநிலை மாணவர்)

ப: மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு (ஐ.சி.எம்.ஜே.ஈ.) நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது: ஆய்வின் திட்டத்திலோ தரவிலோ குறிப்பிடத்தக்க பங்கு, கட்டுரையை எழுதியது அல்லது ஆழமாகத் திருத்தியது, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழு ஆய்வுக்கும் பொறுப்பேற்பது. நான்கும் இருந்தால்தான் கட்டுரையின் ஆசிரியர். மற்றவர்களுக்கு நன்றி பகுதி இருக்கிறது. தனியாகப் போய் மோதாதீர்கள். "இதழ் ஒவ்வொருவரின் பங்கையும் எழுதித்தரச் சொல்கிறது, உங்களுக்கு என்ன போடட்டும்?" என்று பணிவாகக் கேளுங்கள். அடுத்த ஆய்வில், வேலை தொடங்கும் முன்பே பெயர் வரிசையை எழுத்தில் பேசிவிடுங்கள்.

கே: பத்து சீனியர்கள் பத்துப் புத்தகம் சொல்கிறார்கள். எதைப் படிக்க? (முதலாண்டு மாணவர்)

ப: ஏற்கனவே பாதி படித்து வைத்திருப்பதை.

கே: நள்ளிரவில் சீனியரை எழுப்பத் தயங்கினேன். விடிவதற்குள் நோயாளி மோசமாகி ஐசியுவுக்குப் போனார். அதிலிருந்து தூக்கமில்லை. (பயிற்சி மருத்துவர்)

ப: நானும் ஒருமுறை திட்டு விழுமே என்று போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். உங்கள் நிலைக்குப் பெயரே உண்டு. 2000ஆம் ஆண்டில் ஆல்பர்ட் வூ என்ற மருத்துவர், தவறு நேரும்போது முதலில் பாதிக்கப்படுபவர் நோயாளி, அந்த மருத்துவர் 'இரண்டாவது பாதிக்கப்பட்டவர்' என்று எழுதினார். தனியாக விழுங்கிக்கொள்ளாமல், நம்பும் சீனியர் ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள். தூக்கமின்மை நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். கேஸ் ஷீட்டில் பழைய குறிப்பைத் தொடவே தொடாதீர்கள். சேர்க்க வேண்டியதை இப்போதைய நேரம் போட்டுப் புதிதாக எழுதுங்கள். குடும்பத்தாரிடம் பேசும்போது சீனியரும் கூட இருக்கட்டும்.

அடுத்த முறை போன் செய்வதற்கு முன் ஒரு துண்டுத்தாளில் நான்கு வரி எழுதிக்கொள்ளுங்கள்: இப்போது என்ன நடக்கிறது, நோயாளியின் பின்னணி என்ன, எனக்கு என்ன தோன்றுகிறது, உங்களிடம் என்ன கேட்கிறேன். எஸ்.பி.ஏ.ஆர். (சிச்சுவேஷன், பேக்கிரவுண்ட், அசெஸ்மென்ட், ரெக்கமெண்டேஷன்) என்று சொல்வது இதைத்தான். நான்காவது வரியில் "வந்து பாருங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்குக் குறிப்பால் உணர்த்தினால் புரியாது.