சீனத்திலும் ‘மா’ என்றால் குதிரைதானே?

கேள்வி: தமிழில் ‘மா’ என்றால் குதிரை. சீனத்திலும் ‘மா’ என்றால் குதிரை. அம்மாவையும் அவர்கள் ‘மா’ என்கிறார்கள். சீனம் தமிழிலிருந்து வந்தது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? இதை எழுத உங்கள் இதழ் தயங்குவது ஏன்?

பதில்: தயக்கம் எதுவும் இல்லை. இது சான்று அல்ல, அதனால்தான் எழுதவில்லை.

நீங்கள் சொன்ன பொருள்கள் சரி. விட்டுவிட்டவைதான் அதிகம். சீனத்தில் ‘மா’வை உயர்ந்த குரலில் சமமாக இழுத்தால் அம்மா, குரலை ஏற்றினால் சணல், தாழ்த்தி ஏற்றினால் குதிரை, சட்டென்று இறக்கினால் திட்டுவது. நமக்கு மலையும் மழையும் எப்படி வேறோ, அவர்களுக்கு இந்த நான்கும் அப்படி வேறு. நம் ‘மா’வுக்கோ குதிரை தவிர மாமரம், விலங்கு, பெரிய, அரைத்த மாவு, இருபதில் ஒரு பங்கு என்று பொருள்கள் உண்டு. சமஸ்கிருதத்தில் ‘மா’ என்றால் ‘செய்யாதே’ என்ற தடை. அரபியில் ‘என்ன’ என்ற கேள்வி. ஜப்பானியத்தில் இடைவெளி. இத்தனையில் பொருந்துகிற ஒன்றை மட்டும் பொறுக்கினால் எந்த மொழியையும் எந்த மொழிக்கும் பிள்ளையாக்கிவிடலாம்.

ஓரெழுத்துச் சொற்கள் தற்செயலாக ஒத்துப்போவது சகஜம். ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியான ம்பபரத்தில் நாய்க்குப் பெயர் ‘டாக்’. ஆங்கிலத்திலிருந்து வாங்கியதல்ல, அங்கேயே வேறொரு பழைய சொல் தேய்ந்து அப்படி ஆனது. ‘அம்மா’ விஷயம் இன்னும் எளிது: மூடிய உதட்டைத் திறந்தாலே குழந்தைக்கு மகரம் வந்துவிடும். அதிலும் ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா!

சரி, குதிரைக்கு வருவோம். பழஞ்சீனத்தில் அந்தச் சொல்லில் மகரத்தை அடுத்து ஒரு ரகரமும் இருந்தது என்று அறிஞர்கள் மீட்டுருவாக்கியிருக்கிறார்கள். காலத்தில் பின்னே போகப் போக இரண்டு சொற்களும் நெருங்க வேண்டும். இங்கே விலகுகின்றன.

உறவுள்ள மொழிகளில் வேறுபாட்டுக்குக்கூட ஓர் ஒழுங்கு இருக்கும். நம் பால் கன்னடத்தில் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி, பத்து ஹத்து. பழங்கன்னடத்தில் இவை பகரமாகவே இருந்து பின்னால் மாறியவை. ஒரே ஒரு சொல்லில் நடந்ததல்ல, வரிசை வரிசையாக நடந்தது. 1816இல் எல்லிஸும் 1856இல் கால்டுவெல்லும் தென்னாட்டு மொழிகளை ஒரு குடும்பம் என்று காட்டியது பல சொற்களையும் இலக்கணத்தையும் அருகருகே வைத்துத்தான். ‘மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா’ என்கிறது தொல்காப்பியம். சொல்லுக்கு அந்தப் பொருள் ஏன் வந்தது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியாது. அந்த எச்சரிக்கை நம் வீட்டிலேயே இருக்கும்போது நாம் ஏன் அவசரப்பட வேண்டும்?

சீனத்தில் நம் சொல்லைத் தேடுவதென்றால் குதிரையை விட்டுவிட்டு மாம்பழத்திடம் போங்கள். அவர்கள் அதை ‘மாங்குவோ’ என்கிறார்கள். ‘குவோ’ அவர்களுடைய பழம். ‘மாங்’ நம் பக்கத்துச் சொல். தமிழில் மாங்காய், மலையாளத்தில் மாங்ங, மலாயில் மங்கா, போர்த்துகீசியத்தில் மங்கா, ஆங்கிலத்தில் மேங்கோ. பழம் கப்பலேறியபோது பெயரும் கூடவே ஏறியது, வழியில் அது எடுத்த உருவங்களும் கண்ணுக்குத் தெரிகின்றன. இப்படித் தடம் காட்டக்கூடிய சொல் இன்னொன்று உங்களிடம் இருந்தால் எழுதி அனுப்புங்கள், மகிழ்ச்சியோடு வெளியிடுகிறோம்.