றங்குப்பெட்டி – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணன்,

எனக்குச் சொந்த ஊர் கிழக்கிலங்கையின் கல்லாறு. வேலை கொழும்பில். மாசி மாதம் அம்மம்மா காலமானார். முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கும்போது என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். அம்மம்மாவின் அப்பா பெயர் கிடைத்தது, அவருடைய அப்பா பெயரும் கிடைத்தது. அம்மம்மாவின் அம்மம்மாவுக்கு என்ன பெயர் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

பிறகு அவருடைய றங்குப்பெட்டியைத் திறந்தோம். தம்பிலுவில் வளவு ஒன்றின் பழைய காணி உறுதி இருந்தது; அதில் மட்டக்களப்பு மாவட்டம் என்று பிழையாகப் போட்டிருக்கிறது. ஒரு சோடிச் சதங்கை. தண்ணீர் பட்ட படம் ஒன்று. அதில் நிற்கும் பெண் யாரென்று அம்மாவுக்கும் தெரியாது.

அம்மம்மாவின் தங்கச்சி தம்பிலுவிலில் இருக்கிறார், எண்பது தாண்டியவர். கேள்விகளை எழுதிக்கொண்டு போய், போனில் பதிவைப் போட்டுவிட்டு முன்னால் உட்கார்ந்தேன். "அதெல்லாம் இப்ப என்னத்துக்குப் புள்ள" என்று குசினிக்குள் போய்விட்டார். நான் எங்கே பிழை விட்டேன்?

ச.

*

அன்புள்ள தங்கச்சி,

வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். தாய், தகப்பன் விபரத்துக்குப் பிறகு, பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம் என்று ஒரு கூடு, அதாவது கட்டம், இருக்கும். பூட்டனுக்கும் ஒரு கூடு உண்டு. எல்லாம் தகப்பன் வழி. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் தகப்பன் எங்கே பிறந்தார், தகப்பனின் தகப்பன் எங்கே பிறந்தார் என்றுதான் கேட்டது. நம் பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்தும் அப்பாவுடையது. அம்மம்மாவின் அம்மம்மாவுக்கு எந்தக் கடதாசியிலும் இடம் இல்லை.

ஆனால் நம் பக்கத்தில் குடி என்கிற வம்சப் பிரிவு தாயால் வருவது. வயிற்றுவார் என்கிறோம். ஒரே குடிக்குள் கலியாணம் கிடையாது, அண்ணன் தங்கச்சி முறை. கோயிலில் எந்தக் குடிக்கு எந்த நாள் திருவிழா, கோயில் பொறுப்பாளரான வண்ணக்கர் எந்தக் குடியில் இருந்து என்பதெல்லாம் அதை வைத்துத்தான். கிழக்கில் முஸ்லிம்களுக்கும் தாய்வழிக் குடி உண்டு. ஆக, வாழ்ந்தது ஒரு வழி, பதிந்தது வேறு வழி.

நானும் இதில் விழுந்து எழும்பியவன்தான். சில வருடங்களுக்கு முன் சான்றிதழ்கள், நினைவு மலர்கள், பாடசாலைச் சேர்வு இடாப்பு எல்லாம் பார்த்து ஐந்து தலைமுறைக்கு ஒரு வம்ச மரம் கீறினேன். அழகாக அச்சடித்து, சட்டம் போட்டுப் பெரியம்மாவிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "இதுல எல்லாரும் ஆம்புளயள். வீடு ஆர்ர?" என்றார், வீடு யாருடையது என்று.

எனக்கு அது உடனே விளங்கவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தால், அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. மகளுக்குக் கலியாணம் என்றால் வீடும் வளவும் அவளுக்கு. மாப்பிள்ளை அங்கே வந்து சேருவார். தாய் தகப்பன் அதே வளவில் இன்னொரு வீடு கட்டி அடுத்த மகளோடு அங்கே மாறுவார்கள். கடைசியில் அக்கா தங்கச்சிகளின் வீடுகள் வேலியோடு வேலியாக நிற்கும். ஆண்பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் இருப்பார்கள். ஆகவே ஆளைப் பிடித்துக்கொண்டு போகாமல் வீட்டைப் பிடித்துக்கொண்டு போனேன். இந்த வீடு யாருடைய சீதனம்? அவருக்குக் கொடுத்தது யார்? கொடுத்தவருக்கு எங்கிருந்து வந்தது? என் மரத்தில் 'மனைவி' என்று மட்டும் நின்ற இரண்டு பேருக்கு அன்றைக்குப் பின்னேரமே பெயர் கிடைத்தது. அதில் ஒருவர் ஊரின் பாதிப் பிள்ளைகளைப் பெறுவித்த மருத்துவிச்சி. நினைவு மலர் ஒன்றில்கூட அவரைப் பற்றி ஒரு வரி இல்லை.

அதனால் உங்கள் பெட்டியில் பெறுமதியான சாமான் அந்த உறுதிதான். மாவட்டம் பிழையில்லை. அம்பாறை மாவட்டம் 1961இல்தான் மட்டக்களப்பில் இருந்து பிரிந்தது. அதற்கு முதல் தம்பிலுவில், திருக்கோயில், கல்முனை, அக்கரைப்பற்று எல்லாம் மட்டக்களப்பு மாவட்டம். உறுதியின் வயதை அந்த ஒரு சொல்லே காட்டிக்கொடுக்கிறது. அது சீதன உறுதியா, விலை உறுதியா என்று பாருங்கள். சீதன உறுதி என்றால் கொடுத்தவர் பெயரும் வாங்கிய மகள் பெயரும் உறுதி எழுதும் நொத்தாரிசின் கையெழுத்தில் இருக்கும். எல்லைகளையும் வாசியுங்கள். வடக்கே இன்னாருடைய வளவு, கிழக்கே இன்னாருடைய வளவு என்று வரும் பெயர்களில் பாதி உங்கள் அம்மம்மாவின் பெரியம்மா, சின்னம்மா ஆட்களாக இருக்கும். முந்திய உறுதியின் இலக்கம் அதிலேயே இருந்தால் காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்கலாம். கிழிந்த மடிப்புக்குச் செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேற்றும் வேண்டாம். விரித்துப் படம் எடுத்துவிட்டு, மடிக்காமல் ஒரு பைலில் வையுங்கள்.

படத்துப் பெண்ணை எனக்குத் தெரிய வழியில்லை. ஆனால் ஊர்க் கிழவிகளிடம் காட்டும்போது இது யார் என்று கேட்காதீர்கள். கழுத்தில் கிடக்கிற அட்டியல் யாருடையது என்று கேளுங்கள். நகையும் வீட்டைப் போலத்தான், தாயிடம் இருந்து மகளுக்கு. எப்போது ஈடு வைத்தது, யாருடைய கலியாணத்துக்கு மீட்டது, எந்தக் கஷ்டத்துக்கு விற்றது என்று ஒரு வரலாறே ஓடும். முகம் மறந்தவர்கள் அட்டியலைச் சொல்லி ஆளைப் பிடித்ததை நான் கண்டிருக்கிறேன். படத்தின் பின்பக்கத்தையும் பாருங்கள், ஸ்ரூடியோவின் முத்திரை இருக்கலாம்.

சரி, நீங்கள் கேட்ட பிழைக்கு வருகிறேன். போனும் கேள்வித் தாளும்தான். அந்த வயதில் ஒருவர் முன்னால் இதுவரை தாளோடு வந்து உட்கார்ந்தவர்கள் யார்? பதிவு எடுக்க வந்தவர்கள், விசாரிக்க வந்தவர்கள், நிவாரணப் படிவம் நிரப்ப வந்தவர்கள். "எத்தனை பேர், என்ன வயது, இப்போது எங்கே" என்று எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். உங்கள் தாளிலும் அதுதான் இருந்திருக்கும். அவர் குசினிக்குள் போனதில் ஆச்சரியம் இல்லை. பதிவு செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நாலு முறை சும்மா போய் வந்தபின், அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

வருடமும் கேட்க வேண்டாம். என் பெரியம்மாவின் அடையாள அட்டையில் 1945 என்று இருக்கிறது. அவர் சொல்வதோ, "கப்பல் தாண்ட வருசம் நான் கைப்பிள்ள". அந்தக் கப்பல் ஹெர்மிஸ். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் மட்டக்களப்புக் கடலில் தாழ்த்திய பிரித்தானிய விமானந்தாங்கி. அடையாள அட்டையை விட எனக்குக் கப்பலில்தான் நம்பிக்கை. 1957 வெள்ளத்துக்கு முதலா பிறகா, 1978 கார்த்திகைச் சூறாவளிக்கு எந்தப் பிள்ளை வயிற்றில், சுனாமிக்கு இந்தப் பெட்டி எங்கே இருந்தது என்று கேட்டால் தலையைச் சொறியாமல் பதில் வரும். படத்தில் பட்ட தண்ணீர் எந்தத் தண்ணீர் என்றும் அப்போது தெரியவரலாம்.

தொண்ணூறாம் ஆண்டை, கொலைகள் நடந்த அந்த 1990ஐ, மட்டும் நீங்களாகத் தொடக்க வேண்டாம். அந்த வருடத்தின் பெயரைக் கேட்டாலே பேச்சு நின்றுபோகும் வீடுகள் நம் ஊர்களில் நிறைய. அவராகச் சொன்னால் கேளுங்கள். சொல்லிவிட்டு நிறுத்தினால் அடுத்த கேள்வி போடாதீர்கள். அந்த இடத்தை வெறுமையாக விட்டு எழுதினால் ஒன்றும் குறைந்துவிடாது.

இன்னொன்று. குடியைத் தேடப் போனால் சாதியும் கூடவே வரும். எந்தக் குடி பெரிது, கோயிலில் யாருக்கு முதல் மரியாதை என்று கதை அந்தப் பக்கம் இழுக்கும். எங்கள் மூதாதை பெரிய வயல்காரரான போடியார், ஊரை ஆண்ட வன்னியனார் வழி என்று சொல்லாத குடும்பத்தை நான் இன்னும் சந்திக்கவில்லை. எல்லாரும் போடியார் என்றால் வயல் வட்டையில் வேலை செய்தது யார்? சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொள்ளுங்கள், நம்புவதைப் பிறகு பார்க்கலாம்.

இனிச் சதங்கை. நம் கூத்தில் பெண் வேசமும் ஆண்கள்தான் கட்டினார்கள். ஆகவே அது உங்கள் அம்மப்பாவுடையதாக இருக்கலாம். என் எண்ணம் வேறு. கலியாணம் முடித்து வேறு ஊருக்குப் போன அண்ணனோ தம்பியோ அக்கா தங்கச்சி வீட்டில் விட்டுப் போனதாக இருக்கும் என்று படுகிறது. அரங்கேற்றம் முடிந்து வீடு வீடாகப் போய் ஆடியவர்களை அந்தக் காலத்துப் பெட்டைகள் மறந்திருக்க மாட்டார்கள். எந்தக் கூத்து என்று மட்டும் தெரிந்துவிட்டால், கூத்துப் பழக்கிய அண்ணாவியார் வீட்டில் பழைய கூத்துக் கொப்பி கிடக்கிறதா என்றும் விசாரிக்கலாம்.

அடுத்த முறை தம்பிலுவிலுக்குப் போகும்போது தாளைக் கொழும்பிலேயே விட்டுவிட்டுச் சதங்கையைக் கொண்டுபோங்கள். முன்விறாந்தையில் உட்காராமல் நேராகக் குசினிக்குள் போங்கள். அவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தால் நல்லது. பக்கத்தில் குந்தியிருந்து சதங்கையை ஒருக்காக் குலுக்குங்கள். வடமோடிக் கூத்தா தென்மோடிக் கூத்தா என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்